அச்சில் ஏறாத தோல்

"போலீஸை நான் இன்னும் கூப்பிடல. சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் போறப்ப கூப்பிடுவேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு வாயிலருந்து உண்மையைப் புடுங்கிக் குடுங்க. உங்களைக் கூப்பிட்டது அதுக்குத்தான்."

ஆம்பூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஷூ அப்பர் தொழிற்சாலை வைத்திருக்கும் வக்கார் அகமது எங்களை வரவேற்ற அழகு இது. உட்காரச் சொல்லவில்லை. நாற்காலி இருந்தது. அதில் அவருடைய கோபம் உட்கார்ந்திருந்தது.

அமிர்தவள்ளி மேடம் அசையவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்துப் பழகியவர். சத்துவாச்சாரியில் ஒரு பல் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம். 'கீழே பல், மேலே உண்மை, இரண்டும் பிடுங்கித் தரப்படும்' என்று விசிட்டிங் கார்டில் போடலாம் என்றேன். மேடம் முறைத்த முறைப்பில் கார்டு அடிக்கும் யோசனையே செத்துப்போனது. நான் இன்பராஜ், உதவியாளர். மேடத்தின் பாஷையில், கூட வர்ற சத்தம்.

"நடந்ததைச் சொல்லுங்க பாய்," என்றார் மேடம்.

மேஜைமேல் ஒரு தோல் உருப்படியைத் தூக்கி எறிந்தார் வக்கார். அடிப்பாகம் ஒட்டாமல், ஷூவின் மேல்பாகம் மட்டும் தைத்த அப்பர். பழுப்பு நிறம், பக்கவாட்டில் அலை மாதிரி ஒரு தையல். அதிலிருந்து ஒரு அட்டை தொங்கியது. பள்ளிகொண்டா பக்கம் புதிதாக முளைத்த ஒரு கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"இது என் டிசைன். இந்த கேட்டைத் தாண்டி ஒரு துண்டு வெளிய போகல. காலைல சரக்கு வாங்கற பையரோட ஏஜெண்ட் வந்து இதைப் போடறான். 'பள்ளிகொண்டாக்காரன் உங்களைவிடக் கம்மில தர்றேன்றான் பாய்'ன்றான். தோல் வெட்டற பேட்டர்ன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல இருக்குது. அதுல வேலை செய்யறவ பில்கிஸ் ஒருத்திதான். ஓடிப்போய்ப் பார்த்தா, ஏதோ திருட்டு சாமான் ஏத்தி வச்சிருக்கா. இன்னா இதுன்னு கேட்டேன். கம்ப்யூட்டரையே கொன்னுட்டா."

"கொன்னுட்டாளா?"

"மய்யித்தா கிடக்குது. வந்து பாருங்க. நாளைக்கு நான் பையருக்கு சாம்பிள் அனுப்பணும், எல்லாம் அதுக்குள்ள." எழுந்தவர், இன்னும் திருப்தி வராமல் சேர்த்துச் சொன்னார். "காலைலயே மைக்ல சொல்லிட்டேன், எல்லா லைனுக்கும் கேக்கற மாதிரி. பில்கிஸ் திருடி. ஆம்பூர்லருந்து ராணிப்பேட்டை வரைக்கும் இனிமே ஒருத்தனும் அவளை வாசப்படி ஏத்த மாட்டான்."

தையல் ஹாலைக் கடந்துபோனோம். வரிசை வரிசையாகப் பெண்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் ஜாஸ்தியானது. பின்னாலேயே வந்தார் புரொடக்ஷன் மேனேஜர் சம்பத். மற்றவர்களுக்குச் சட்டைப் பையில் பேனா இருக்கும், இவருக்கு ஸ்டீல் ஸ்கேல்.

"டிடெக்டிவுன்னாங்க. ஸ்கூட்டர்ல டபுள்ஸ் வந்திருக்குதுங்க," என்றார், எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே.

"கார்ல வந்தா சந்தேகம் வரும் சார்," என்றேன்.

"ஸ்கூட்டர்ல வந்தா மரியாதை வராது," என்றார்.

 அவர் சொன்னதில் பிழை இல்லை.

அந்தக் கட்டடத்தில் மனிதராகப் பேசியவர் ஒருவர்தான். செந்தில்குமார். பையர்களிடம் பேசி ஆர்டர் வாங்கும் மெர்ச்சண்டைசர். எங்களை நிறுத்தி டீ கொடுத்தார். என் டீயில் சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டார். "நல்ல பொண்ணு மேடம் அது. ஆர்டர் விவரம் எழுதின ஸ்பெக் ஷீட்டை நான் தெனம் அந்த ரூம்லதான் பிரிண்ட் எடுப்பேன். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. பார்த்து செய்யுங்க," என்றார். டீ முடிவதற்குள் நான் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

பேட்டர்ன் ரூமில் ஒரு ஸ்டூலில் பில்கிஸ் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. புர்கா கையில் அட்டைத் தூள். அவள் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். எதிரே, எந்தக் காலத்திலோ வெள்ளையாக இருந்த ஒரு கம்ப்யூட்டர். திரையில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. ஆஸ்பத்திரி வாசலில் 'உள்ளே வராதே' என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி.

"எதுக்கும்மா இதுல கை வச்ச?" என்றார் மேடம்.

"பையர் அனுப்பற புது ஃபைல் பழைய சிஸ்டத்துல தொறக்கல மேடம். புது கம்ப்யூட்டர் கேட்டேன். பாய் 'இது ஓடுதில்ல, ஓட்டு'ன்னார். செஞ்ச கம்பெனி இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் கிடையாதுன்னு கை கழுவிடுச்சு. அப்படிக் கை கழுவின மெஷின்ல புது சிஸ்டம் ஏத்தறதுக்குன்னே நெட்ல சில பேர் ஒரு டூல் செஞ்சு சும்மா குடுக்கறாங்க. அதை வச்சு ஏத்தினேன்."

"கடைசியா வந்த சிஸ்டமா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல. பீட்டா. டெஸ்டிங்குக்கு விட்டிருக்காங்க. பையரோட சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும்ன்னாங்க."

"பார்த்தீங்களா!" வக்கார் குதித்தார். "இன்னும் வராததைக் கொண்டாந்து என் மெஷின்ல ஏத்தியிருக்கா. எவனோ பேர் தெரியாதவன் செஞ்சது!"

எனக்கு அந்தப் பெண்மேல் சட்டென்று ஒரு பாசம் வந்தது. நானும் அந்தக் கட்சி. எங்கள் ஆபீஸ் லேப்டாப்பைக் காயலான் கடைக்காரரே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அதில் நான் பீட்டா ஏற்றி வைத்திருக்கிறேன். ஏற்றிய நாளிலிருந்து அதற்குக் குரல் போய்விட்டது, கேமரா எல்லோரையும் நீல நிறத்தில் காட்டும். இருந்தாலும் ஓடுகிறது. மேடம் அதற்கு வைத்த பெயர் ஐசியூ.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்பா. நம்ம ஐசியூ பக்கவாட்டுல ஒரு பெண்டிரைவை செலோ டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கியே. அதைப் புடுங்கினா இன்னா வரும்?"

நான் திரையைப் பார்த்தேன். எனக்கே என்மேல் கோபம் வந்தது. இதை நான் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

"இதே வட்டம்தான் மேடம். குறுக்குக் கோட்டோட. இந்த மாதிரி கைவிட்ட மெஷினுக்கு, 'நீ புது மாடல்தான்'னு ஆன் பண்றப்பல்லாம் காதுல பொய் சொல்லி எழுப்பணும். அந்தப் பொய் பெண்டிரைவ்ல இருக்கு."

"இங்க அந்தப் பெண்டிரைவ் எங்க?"

பில்கிஸ் முதலாளியைப் பார்த்தாள். சம்பத்தும் முதலாளியைப் பார்த்தார். வக்கார் அகமது கூரையைப் பார்த்தார்.

"என் பீரோல. சாட்சின்னு பத்திரமா வச்சிருக்கேன்."

"புடுங்கினது?"

"நான்தான். அதுக்கு இன்னா?"

பெண்டிரைவ் வந்தது. பில்கிஸ் செருகி, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தாள். உள்ளே ஃபேன் இரைச்சல் போட்டது. வட்டம் போய், கொஞ்ச நேரத்தில் திரை நிறைய ஷூக்கள் வந்து நின்றன.

முதலாளி சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்வதில் என் திறமை அவ்வளவுதான்.

"அப்ப என் கம்பெனிக்குச் சாவி இவ கையில இருந்திருக்கு!" என்று குரலை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினார். "கம்ப்யூட்டர் பொழைச்சா திருட்டு இல்லன்னு ஆயிடுமா? டிசைன் எப்படிப் போச்சு?"

"நெட் வழியாத்தான் சாஹிப். ராத்திரி பகலா ஓடுதில்ல," என்றார் சம்பத்.

"இதுல நெட்டே இல்ல சார்," என்றாள் பில்கிஸ். "பழைய வைஃபை கார்டு. இந்த பீட்டால புடிக்காது. பையர் ஃபைலை ஆபீஸ் மெஷின்லருந்து நான் கையில எடுத்துட்டு வர்றதை நீங்களே பார்த்திருக்கீங்க."

"கையில எடுத்துட்டு வர்றவ கையில எடுத்துட்டும் போவா!"

 அவள் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சம்பத்தின் முகத்தைப் பார்த்து, திருடன் இவன்தான் என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

"எப்படிப் போச்சுன்னு இந்த அப்பரையே கேப்போம்," என்றார் மேடம். உட்பக்கம் குத்தியிருந்த சைஸ் முத்திரையைக் காட்டினார். நாற்பத்திரண்டு. "நாற்பத்திரண்டு லாஸ்ட் ஒண்ணு குடுங்க."

லாஸ்ட் என்பது பிளாஸ்டிக்கில் செய்த பாத அச்சு. அதன்மேல் தோலை இழுத்துப் போர்த்தித்தான் ஷூவுக்கு உருவம் கொடுப்பார்கள். சம்பத் அப்பரை வாங்கி அச்சில் மாட்டி இழுத்தார். பல்லைக் கடித்து இன்னொரு தரம் இழுத்தார். குதிகால் ஏறவில்லை, ஓரம் அடிக்கு எட்டவில்லை. சின்ன வயசுச் சட்டையை நான் போன பொங்கலுக்குப் போட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"சின்ன சைஸு. முத்திரையை மாத்திக் குத்திட்டானுங்க," என்றார்.

"அப்ப சின்ன லாஸ்ட் போட்டுப் பாருங்க."

போட்டார். ஒவ்வொன்றாக இறங்கி ஒரு அச்சில் நீளம் சரியாக வந்தது, ஆனால் அகலம் வரவில்லை. சம்பத் முகம் மாறியது. ஸ்டீல் ஸ்கேலை உருவி, கயிறு கோக்கும் ஓட்டைகளுக்கு நடுவே வைத்தார்.

"ஓட்டைக்கு ஓட்டை தூரம்கூடக் குறைஞ்சிருக்கு. சைஸ் மாறினா அது மாறக் கூடாதே! எந்த மடையன் எல்லாத்தையும் ஒரே மாதிரி சுருக்கியிருக்கான்?"

மேடம் என்னை ஓரமாக இழுத்துக் காதில் ஒரு வேலை சொன்னார். அப்பரில் தொங்கிய அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால் நின்று நான் செய்த காரியம் ஒரு மனிதன் கௌரவத்தோடு வெளியில் சொல்லக்கூடியது அல்ல. வேறு வழியில்லாதபோது சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது செந்தில்குமாரையும் வரவழைத்திருந்தார் மேடம். வந்தவர் தன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு, பில்கிஸைப் பார்த்துத் தைரியமாக இரு என்பது போலத் தலையசைத்தார்.

"பில்கிஸ், இந்த அலைத் தையல் பேட்டர்னை அந்த பிரிண்டர்ல மூணு தாள் அடி," என்றார் மேடம்.

"மேடம், அதுல..."

"கேட்டதைச் செய். பேசாத."

அவள் கண் கலங்கியது. எனக்குச் சங்கடமாக இருந்தது. தாள்கள் வந்தன. மேடம் ஆளுக்கு ஒன்று நீட்டினார்.

"வக்கார் பாய், சம்பத் சார், செந்தில் சார். உங்க பேட்டர்ன் சரியா வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

செந்தில்குமார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "அதே டிசைன்தான் மேடம். நீட்டா வந்திருக்கு," என்று நாலாக மடித்தார்.

மடித்து முடிப்பதற்குள் பக்கத்தில் ஒரு அலறல்.

"அளவு சரிபார்க்கப் போட்ட பத்து சென்டிமீட்டர் கோடு எங்கடி பத்து இருக்குது?" சம்பத் ஸ்கேலைத் தாள்மேல் அழுத்தியிருந்தார். "ஒன்பதரைகூட இல்ல! இதை வெட்டினா தோல் பூரா நாசம்!"

வக்கார் ஏற்கெனவே மேஜையில் கிடந்த இன்னொரு ஸ்கேலைப் பறித்து, தாளின் மூலையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே இருந்த கோட்டில் வைத்துக் குனிந்திருந்தார். அவர் வாயிலிருந்து வந்த உருது வார்த்தையை இங்கே எழுதினால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துப் படிக்க முடியாது.

"அதைத்தான் சொல்ல வந்தேன்!" என்றாள் பில்கிஸ். "பீட்டா ஏத்தினதுலருந்து இந்த பிரிண்டர் நம்ம ஊர்த் தாள் அளவை மறந்துடுச்சு. அமெரிக்கால புழங்கற குட்டைத் தாள்னு நெனச்சு, அதுக்குள்ள அடங்கற மாதிரி எல்லாத்தையும் சுருக்கிடும். நான் இதுல பேட்டர்ன் அடிக்கறதே இல்ல. நேரா அட்டை வெட்டற மெஷினுக்கு அனுப்பிடுவேன்."

மேடம் அந்தச் சுருங்கிய அப்பரைக் கையில் எடுத்தார். "இதை வெட்டினது அப்படிச் சுருங்கின தாளை வச்சு. பில்கிஸ் திருடியிருந்தா சரியான அளவுல போயிருக்கும். பீட்டா ஏத்தின அப்புறம், இந்த பிரிண்டர்ல, இவ இல்லாதப்ப யாரோ அடிச்சிருக்காங்க. மூலையில கம்பெனி பேர் இருக்கேன்னு அதை வெட்டிட்டுக் குடுத்திருக்காங்க. பேரோட சேர்ந்து அளவுக் கோடும் போயிடுச்சு. வாங்கினவனுக்கு அளந்து பார்க்க வழியே இல்ல."

"யாரு?" என்றார் வக்கார்.

"இந்த ஃபேக்டரில பேட்டர்ன் தாளைக் கையில வாங்கினவங்க மொத வேலையா ஸ்கேல் தேடறாங்க. சம்பத் சார் தேடினார். நீங்களும் தேடினீங்க. தேடாத ஆள் ஒருத்தர்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளே வாங்கவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அப்புறம்தான் பார்வைகள் நாலாக மடித்த தாளுக்கு நகர்ந்தன.

செந்தில்குமார் சிரித்தார். அப்போதும் நல்ல சிரிப்புதான். "நான் ஆபீஸ் ஆளு மேடம். ஸ்பெக் ஷீட்ல எல்லாம் நம்பரா எழுதியிருக்கும், யாரு அளந்து பார்க்கறா? ஸ்கேல் எடுக்காதவன் எல்லாம் திருடனா?"

"அதானே," என்றார் வக்கார், இழுத்தாற்போல. "செந்திலு எத்தினி வருஷமா என்கூட..."

மேஜைமேல் போன் அதிர்ந்தது. செந்தில்குமார் எட்டி அதை அணைத்தார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அணைத்தார். மூன்றாவது முறை அவர் கை போவதற்குள் வக்காரின் கை போய்விட்டது. ஸ்பீக்கரைத் தட்டினார்.

"யோவ் செந்திலு! இன்னாய்யா பேட்டர்ன் குடுத்திருக்க? ஏஜெண்ட் ஆபீஸ்லருந்து ஒருத்தன் போன் போட்டு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கறான்! அப்பர் லாஸ்ட்ல ஏறலையாம்! நானும் இப்ப மாட்டிப் பார்த்தேன், பொம்மைக்குத்தான் ஏறும்! யோவ், இருக்கியா?"

வக்கார் இணைப்பைத் துண்டித்து, போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

அந்த 'ஏஜெண்ட் ஆபீஸ் ஆள்' நான்தான். அட்டையிலிருந்த பள்ளிகொண்டா நம்பரை அடித்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷ் கலந்து திட்டினேன். அச்சில் ஏறாத தோல் கையில் இருந்தால், பேட்டர்ன் கொடுத்தவனைத்தானே கூப்பிடுவான் என்பது மேடத்தின் கணக்கு.

செந்தில்குமார் முகத்திலிருந்து நல்ல மனிதர் இறங்கிப் போய்விட்டார். "நல்லதா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருந்தா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்," என்றார் வக்காரைப் பார்த்து. "உன் கஞ்சத்தனம் உன்னைக் காப்பாத்திடுச்சுய்யா."

"அந்தப் பொண்ணு காலைலருந்து ஸ்டூல்ல உக்காந்திருக்கு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எங்களுக்கு டீ குடுத்தீங்களே அண்ணா."

"டீ ஃப்ரீ," என்றார்.

சம்பத் அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். நான் மனதுக்குள் எழுதிய தீர்ப்பைக் கிழித்துப் போட்டேன். மனிதர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் திட்டியிருப்பார்.

வக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சரி. போலீஸ் அவனுக்கு. பில்கிஸ், நீ வேலையைப் பாரு. நாளைக்கு சாம்பிள் போகணும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "காலைல மைக்ல சொன்னீங்க பாய்."

"அதுக்கு?"

"இப்பவும் மைக்ல சொல்லுங்க."

"முதலாளி மைக்ல வந்து... எல்லாருக்கும் தன்னால தெரியும்."

"திருடின்னு ஒரு நிமிஷத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுது. இது மட்டும் மெதுவாத் தெரியணுமா?"

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு!"

பில்கிஸ் திரும்பிக் கம்ப்யூட்டரை முறையாக மூடினாள். ஃபேன் இரைச்சல் அடங்கியது. பெண்டிரைவை உருவிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இது நான் வாங்கினது. கம்ப்யூட்டர் உங்களுது. நீங்களே ஆன் பண்ணிக்குங்க."

வக்கார் கறுத்த திரையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசியில் மேடத்தைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"புடுங்கிக் குடுக்கறதுக்குத்தான் எங்களைக் கூப்பிட்டீங்க பாய். புடுங்கிட்டோம். திருப்பி வைக்கறது உங்க வேலை."

வெளியே அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலிக்க ஆரம்பித்தது. முடியும்வரை அவர் அப்படியே நின்றார். பிறகு கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். தொழுகைக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பில்கிஸும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கூரையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். செருமல் வெகுநேரம் நீடித்தது.

"காலைல நான் சொன்னது தப்பு. பில்கிஸ் திருடல." ஒரு மூச்சு. "பில்கிஸ் திருடல. வேற ஆளு. நான் விசாரிக்காம சொல்லிட்டேன்." இன்னொரு மூச்சு. "மூணாவது லைன்ல ஆள் இல்லாத இடத்துல ஃபேன் ஓடுது. ஆஃப் பண்ணுங்க."

தையல் ஹாலில் மெஷின்கள் ஒன்றொன்றாக நின்றன. அந்தக் கட்டடத்தில் முதல் தடவையாக எனக்கு என் மூச்சு கேட்டது. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் ஒரு பெண் "யாராவது ஃபேனை ஆஃப் பண்ணுங்கடி!" என்று கத்தினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு பரவியது.

பில்கிஸ் சிரிக்கவில்லை. பையைத் திறந்து பெண்டிரைவை எடுத்தாள், செருகினாள், பொத்தானை அழுத்திப் பிடித்தாள். 

"எதுக்குடா இன்பா கண்ணைத் துடைக்கற?" என்றார் மேடம்.

"ஷூ ஒட்டற பசை மேடம். நெடி ஜாஸ்தி."

"இங்க அப்பர் மட்டும்தான் செய்யறாங்க. ஒட்டற வேலையே இல்ல," என்றார் மேடம், ஸ்கூட்டர் சாவியைத் தேடியபடி.